ஐஸ் கம்பெனி ரூட்டருக்குள் டெஸ்க்டாப் சாஃப்ட்வேரைக் கொண்டுவருவது எப்படி

மண்டபத்திலிருந்து பாம்பன், தங்கச்சிமடம் வரைக்கும் ஐஸ் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கப் போனால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும்: "தம்பி, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓடுற டெம்பரேச்சர் சாஃப்ட்வேரை அந்த வைஃபை பொட்டிக்குள்ளேயே போட்டுட முடியாதா?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. டெஸ்க்டாப்பின் ஃபேன் நாள் முழுக்க உப்புக் காற்றை இழுத்து மதர்போர்டில் பூசிக்கொண்டே இருக்கும், கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போதெல்லாம் ஹார்ட் டிஸ்க் ஒரு அடி வாங்கும். ரூட்டருக்கு ஃபேன் கிடையாது. பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும், பக்கத்தில் ஒரு சின்ன பேட்டரி இருந்தால் ராத்திரி தாங்கிவிடும்.

முடியும். ஆனால் சாஃப்ட்வேரை அப்படியே தூக்கி வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. முதலில் அதைப் பிரிக்க வேண்டும். சென்சாரைப் படிப்பது, பிரைன் தொட்டியின் (ஐஸ் உறைய வைக்கிற உப்புநீர்த் தொட்டி) சூடு ஏறினால் கத்துவது, நெட் இல்லாத நேரத்துப் பதிவைப் பத்திரமாக வைத்திருப்பது, இவை பெட்டியின் வேலை. கிராஃப், மாதக் கணக்கு, முதலாளிக்கு எக்செல், இதெல்லாம் லேப்டாப்பிலோ வெளியே உள்ள சர்வரிலோ இருக்கட்டும். விசைப்படகில் ஓபன்சிபிஎன் போட்டு சார்ட் பார்க்கிறவர்களுக்கும் இதேதான்: ஜிபிஎஸ் மவுஸைப் படிக்கிற ஜிபிஎஸ்டி மட்டும் சின்ன போர்டில் ஓடினால் போதும், வீல் ஹவுஸில் இருக்கிற லேப்டாப் வைஃபையில் 2947 போர்ட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளும். எது பெட்டியில், எது வெளியில் என்று ஒரு பேப்பரில் எழுதி முடிக்காமல் கம்பைலர் பக்கமே போக வேண்டாம். பேப்பரில் பாதிக்கு மேல் 'வெளியில்' என்று வந்தால் நீங்கள் சரியாக யோசிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இங்கே ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச லினக்ஸ்) ஏற்றிய ரூட்டரை வைத்துச் சொல்கிறேன். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரின் சோர்ஸ் கோட் வெளியே வந்ததை வைத்து 2004-ல் தொடங்கியது அது, பெயரிலேயே அந்த ரூட்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராஸ்பெரி பை வைத்திருந்தாலும் பாதி விஷயம் அப்படியே பொருந்தும்.

4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் உள்ள பழைய ரூட்டரை எடுத்துக்கொண்டு வராதீர்கள், அதற்குப் புதிய பதிப்பே கிடையாது. 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம் இருந்தால் இந்த வேலைக்குப் போதும். டிஎஃப் கட்டளை போட்டு ஓவர்லேயில் (நாம் எழுதக்கூடிய பகுதி) எவ்வளவு மிச்சம், ஃப்ரீ கட்டளை போட்டு ராம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரூட்டில் இருக்கிற ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் எதையும் எழுத முடியாது. நீங்கள் போடுவதெல்லாம் மேலே உள்ள ஓவர்லேயில்தான் உட்காரும். இது குறை இல்லை, பெரிய வசதி: எதையாவது சொதப்பினால் ஃபெயில்சேஃப் மோடில் நுழைந்து ஓவர்லேயைத் துடைத்துவிட்டால் பெட்டி புதுசாக எழுந்துவிடும்.

அப்புறம் பிராசஸர். யூநேம் கட்டளையை மட்டும் நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். மீடியாடெக் எம்டி7621 சிப் உள்ள ரூட்டரில் அது வெறும் 'மிப்ஸ்' என்று சொல்லும். அந்தச் சிப் உண்மையில் லிட்டில் எண்டியன் (பைட்டுகளைக் கடைசியிலிருந்து அடுக்குகிற ரகம்), அதாவது 'மிப்ஸெல்'. 'மிப்ஸ்' என்று நம்பி பிக் எண்டியன் பைனரியை இறக்கினால் அது ஓடவே ஓடாது. ஈடிசி டைரக்டரியில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைத் திறந்து பெயர் ஆர்ச் என்று முடிகிற வரியைப் பாருங்கள், அதில் 'மிப்ஸெல்_24கேசி' என்று சரியாக இருக்கும். இந்த ரகத்தில் மிதவைப்புள்ளி கணக்குப் போட தனி ஹார்டுவேரும் இல்லை, அதனால் சாஃப்ட்-ஃப்ளோட் என்று சொல்லிக் கம்பைல் செய்யாத எதுவும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று விழும். ராஸ்பெரி பை ஜீரோவின் முதல் ரகம் வைத்திருப்பவர்களுக்கும் இதே மெசேஜ் வரும், காரணம்தான் வேறு: அது ஏஆர்எம்வி6, டெபியனின் ஏஆர்எம்ஹெச்எஃப் தொகுப்பு ஏஆர்எம்வி7-க்குக் கட்டியது.

ஃபைல் இருக்கிறது, ஆனால் 'நாட் ஃபவுண்ட்'

இந்த ஒரு இடத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். டெபியனுக்கான ஒரு பைனரியை டவுன்லோட் செய்து பெட்டிக்குள் போடுகிறீர்கள். எல்எஸ் போட்டால் ஃபைல் இருக்கிறது, ஓட்டும் அனுமதியும் இருக்கிறது. ஓட்டினால் ஷெல் 'நாட் ஃபவுண்ட்' என்கிறது. கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஃபைலை இல்லை என்கிறதே என்று மறுபடி மறுபடி காப்பி செய்து பார்ப்போம்.

ஷெல் தேடிக் கிடைக்காதது உங்கள் ஃபைல் இல்லை. டைனமிக்காக லிங்க் ஆன ஒவ்வொரு பைனரியின் உள்ளேயும் 'என்னை ஏற்றிவிட இந்த லோடர் வேண்டும்' என்று ஒரு பாதை எழுதியிருக்கும். டெபியன், உபுண்டு பைனரிகள் ஜிலிப்சி லோடரைக் கேட்கும். ஓபன்டபிள்யூஆர்டியில் இருப்பது மசல் என்கிற சின்ன சி லைப்ரரி, அதன் லோடரின் பெயரே வேறு. கேட்ட லோடர் இல்லாததால் கெர்னல் 'அந்த ஃபைல் இல்லை' என்று திருப்பி அனுப்புகிறது, ஷெல் அதை உங்கள் ஃபைலின் பெயரோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறது. உங்கள் லேப்டாப்பில் ரீட்எல்ஃப் கட்டளையைச் சின்ன எல் ஆப்ஷனோடு ஓட்டினால் 'இன்டர்பிரெட்டர்' என்று ஒரு வரி வரும், எந்த லோடர் கேட்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அதே மெசேஜ் ஸ்கிரிப்டுக்கும் வரும். முதல் வரியில் பேஷ் என்று எழுதியிருந்தால், பெட்டியில் பேஷ் கிடையாது, பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் குட்டித் தொகுப்பு) தருகிற ஆஷ் ஷெல்தான் உண்டு, ஆகவே 'நாட் ஃபவுண்ட்'. ஸ்கிரிப்டை விண்டோஸ் நோட்பேடில் எழுதி வரி முடிவில் கேரியேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டிருந்தாலும் 'நாட் ஃபவுண்ட்'தான், இதுதான் இருப்பதிலேயே எரிச்சலானது, ஏனென்றால் எடிட்டரில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. விஐயில் திறந்து வரிக் கடைசியில் தொப்பிக்குறியோடு எம் நிற்கிறதா பாருங்கள்.

காப்பி செய்வதிலேயே தடுக்கி விழுகிறவர்களும் உண்டு. 2022-ல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.0-லிருந்து எஸ்சிபி கட்டளை உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி முறையில் பேசுகிறது. ரூட்டரில் இருக்கிற டிராப்பியர் என்கிற குட்டி எஸ்எஸ்ஹெச் சர்வரோடு எஸ்எஃப்டிபி சர்வர் வராது. எஸ்சிபிக்குப் பெரிய ஓ ஆப்ஷன் கொடுத்தால் பழைய முறைக்குப் போய்விடும், வேலை நடக்கும்.

பிஸிபாக்ஸ் கட்டளைகளும் டெஸ்க்டாப்பில் பழகியவை மாதிரி இருக்காது. கிரெப்பில் பெர்ல் பாணித் தேடல் இல்லை, டேட் கட்டளையிடம் 'நேற்று' என்று சொன்னால் புரியாது. ஸ்கிரிப்டை ஆஷுக்கு ஏற்ற மாதிரி திருத்தி எழுதுங்கள். ஒரு ஸ்கிரிப்டுக்காக பேஷையும் ஜிஎன்யூ கோர்யூட்டில்ஸையும் ஏற்றுவது வீண்.

கொண்டுவரும் வழிகள், நான் வைக்கிற வரிசையில்

முதலில் ஓபன்டபிள்யூஆர்டியின் ரெப்பாசிட்டரியில் தேடுங்கள். பழைய பதிப்புகளில் ஓபிகேஜி கட்டளை, புதியவற்றில் ஏபிகே. ஆயிரக்கணக்கான பேக்கேஜ் இருக்கிறது: எஸ்க்யூலைட், மாஸ்கிட்டோ, டிமக்ஸ், ஹெச்டாப், ஆர்சிங்க், கலெக்ட்டி எல்லாம் தயாராகக் கிடக்கும். தேடாமலே கம்பைல் செய்ய உட்காருவது நம்ம ஆட்களுக்கு ஒரு வியாதி.

அங்கே இல்லையென்றால், நீங்களே எழுதுகிற கருவி என்றால், கோ மொழி. உங்கள் லேப்டாப்பிலேயே ஓஎஸ் லினக்ஸ், ஆர்ச் மிப்ஸ்எல்ஈ, சாஃப்ட்ஃப்ளோட், சிகோ வேண்டாம் என்று நாலு வேரியபிளைக் கொடுத்து பில்ட் செய்தால் எந்த லைப்ரரியையும் கேட்காத ஒற்றை பைனரி வந்துவிடும். சைஸ்தான் கொஞ்சம் பெருசு, ஒன்றுமே செய்யாத புரோகிராம் கூட எம்பி கணக்கில் வரும், டீபக் விவரங்களை உரித்துவிட்டால் குறையும். ரஸ்ட் பிடித்தவர்கள் கவனிக்க: 2023-ல் மிப்ஸ் டார்கெட்டுகளைக் கடைசித் தரத்துக்கு இறக்கிவிட்டார்கள், ஆர்ம் பெட்டி என்றால் பிரச்சினை இல்லை.

வேறு யாரோ சி மொழியில் எழுதியது என்றால் ஓபன்டபிள்யூஆர்டி எஸ்டிகே (பெட்டிக்காகக் கம்பைல் செய்கிற கருவித் தொகுப்பு). உங்கள் பதிப்புக்கும் உங்கள் சிப்புக்குமான எஸ்டிகேவைத்தான் இறக்க வேண்டும், பக்கத்துப் பதிப்பு உதவாது. கெர்னல் மாட்யூல் இன்னும் கறார்: கெர்னலின் வெர்ஷன் எண்ணோடு அதன் கான்ஃபிகரேஷனிலிருந்து எடுத்த ஒரு ஹாஷும் பொருந்த வேண்டும். நீங்களே கான்ஃபிகரேஷனை மாற்றிக் கட்டிய ஃபர்ம்வேரில் அவர்களின் கேமாட் (கெர்னல் மாட்யூல்) பேக்கேஜ் ஏறாததற்கு இதுதான் காரணம்.

பைத்தானைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பைத்தான்3-லைட் ஏறும். ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடின ஸ்கிரிப்டில் பாண்டாஸ் லைப்ரரி இருந்தால் அதோடு கதை முடிந்தது, நம்பையையும் பாண்டாஸையும் 16 எம்பி மிப்ஸ் பெட்டிக்குள் திணிப்பது நடக்காத காரியம். அந்த ஸ்கிரிப்டில் பாண்டாஸ் என்ன செய்கிறது என்று பாருங்கள், அநேகமாக ஒரு சிஎஸ்வியைப் படித்து சராசரி எடுத்துக்கொண்டிருக்கும். அதை ஆக் கட்டளை பத்து வரியில் செய்யும். மிச்சம் லேப்டாப்புக்கு.

எதுவுமே ஒத்து வராத முரட்டு சாஃப்ட்வேர் என்றால் யூஎஸ்பி பென்டிரைவில் ஒரு டெபியனை விரித்து சிஹெச்ரூட் போட்டு ஓட்டலாம். கெர்னல் ரூட்டருடையது, மற்றதெல்லாம் டெபியனுடையது. ஓடும். ஆனால் 2025-ல் வந்த டெபியன் 13-ல் மிப்ஸெல் கிடையாது, பழைய டெபியனின் மிப்ஸெல்லும் சாஃப்ட்-ஃப்ளோட் இல்லை, ஆகவே மிப்ஸ் ரூட்டரில் இந்த வழியை நம்ப வேண்டாம். அந்த நிலைமை வந்தால் ஒரு பை ஜீரோ 2 வாங்கிப் போடுவது நிம்மதி.

சென்சாரும் பதிவும்

பிரைன் தொட்டிக்கு டிஎஸ்18பி20 சென்சார் போதும். மைனஸ் 55-லிருந்து 125 டிகிரி வரை படிக்கும், மைனஸ் 10-லிருந்து 85 வரை அரை டிகிரி துல்லியம். ரூட்டரில் ஜிபிஐஓ பின் வெளியே கிடைப்பது அபூர்வம், அதனால் ஓர் ஆர்டுயினோ நானோ வைத்து யூஎஸ்பியில் படிப்பது சுலபம். குளோன் நானோக்களில் சிஹெச்340 சிப் இருக்கும், அதற்கான மாட்யூலின் பெயரில் 340 இருக்காது, சிஹெச்341 என்று தேடுங்கள்.

திடீரென்று கிராஃபில் 85 டிகிரி என்று ஒரு ஊசி குத்தி நிற்கும். ஐஸ் தொட்டியில் 85 டிகிரியா என்று பதற வேண்டாம். அந்த சென்சாருக்குக் கரண்ட் போய் வந்தால், அடுத்த அளவை எடுத்து முடிக்கும் வரை அதன் மெமரியில் இருக்கும் ஆரம்ப மதிப்பு அது. ஒயர் ஜாயின்ட் உப்பேறி விட்டு விட்டுப் பிடிக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். அதனால் ஸ்கிரிப்டில் 85-ஐச் சத்தமில்லாமல் தூக்கிப் போடாதீர்கள், எத்தனை வந்தது என்று தனியாக எண்ணி வையுங்கள். அந்த எண்ணிக்கை ஏறினால் ஒயரைப் பார்க்கப் போக வேண்டியதுதான்.

நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் நாளுக்கு 1440. வரிக்கு 30 பைட் வைத்தால் நாளுக்கு 43 கேபி, வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 16 எம்பி, அதாவது மொத்த ஃபிளாஷும் காலி. ஆகவே பெட்டியில் வருஷக் கணக்கு வைக்காதீர்கள். டிஎம்பி டைரக்டரி ராமில் இருக்கிறது, நிமிடப் பதிவு அங்கே போகட்டும், மணிக்கு ஒரு முறை சர்வருக்கு அனுப்பிவிட்டுத் துடையுங்கள். நெட் இல்லையென்றால் மட்டும் ஃபிளாஷில் எழுதுங்கள். கரண்ட் போனால் கடைசி ஒரு மணி நேரப் பதிவு போகும், ஐஸ் கம்பெனிக்கு அது பெரிய நஷ்டம் இல்லை. கிராஃப் பெட்டியிலேயே பார்க்க வேண்டும் என்றால் கலெக்ட்டியும் ஆர்ஆர்டிடூலும். ஆர்ஆர்டி ஃபைல் முதல் நாளிலிருந்தே ஒரே சைஸ், பழசு தானாகச் சுருங்கிக்கொண்டே போகும்.

தூரத்திலிருந்து மேய்ப்பது

சாஃப்ட்வேர் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். பெட்டி மூக்கையூரிலும் நீங்கள் ராமநாதபுரத்திலும் இருந்தால் அப்போதுதான் ஆரம்பம்.

டெஸ்க்டாப் உலகத்து நிர்வாகக் கருவிகளில் எது வரும், எது வராது என்று தெரிந்துகொள்ளுங்கள். காக்பிட், சர்வீஸ்களை ஓட்டுகிற சிஸ்டம்டியைக் கேட்கும், ஓபன்டபிள்யூஆர்டியில் அந்த வேலைக்கு இருப்பது பிராக்டி, ஆகவே வராது. வெப்மின்னுக்கு பெர்ல் வேண்டும், மெனக்கெடாதீர்கள், ஓபன்டபிள்யூஆர்டியின் வெப் பக்கமான லூசியே போதும். புராமிதியஸ் என்கிற கண்காணிப்புக் கருவியின் வழக்கமான நோட் எக்ஸ்போர்ட்டர் கோ மொழியில் எழுதியது, எடை அதிகம். அதற்குப் பதிலாக லுவாவில் எழுதிய குட்டி எக்ஸ்போர்ட்டர் ரெப்பாசிட்டரியிலேயே இருக்கிறது, சர்வர் பக்கம் இருக்கிற கிராஃபானாவுக்கு அடிப்படை அளவுகள் போதுமான அளவு கிடைத்துவிடும். ஆன்சிபிள் வழக்கமாக எதிர்ப்பக்கமும் பைத்தானைக் கேட்கும். ரா மாட்யூலை வைத்து எஸ்எஸ்ஹெச் வழியே நேரடியாகக் கட்டளை அனுப்பினால் பைத்தான் தேவையில்லை. யூசிஐ (ஓபன்டபிள்யூஆர்டியின் செட்டிங்கை மாற்றுகிற) கட்டளைகளை அப்படி அனுப்புவதே நாலைந்து பெட்டிக்குப் போதும். பெட்டிகள் ஐம்பது அறுபது என்று பெருகினால் ஓபன்விஸ்ப் பாருங்கள்.

4ஜி சிம் போட்ட ரூட்டருக்கு வெளியிலிருந்து நேரே போக முடியாது, சிம் கம்பெனிக்காரன் ஒரே ஐபிக்குப் பின்னால் ஆயிரம் பேரை உட்கார வைத்திருப்பான். பெட்டிதான் வெளியே வந்து உங்கள் சர்வரைப் பிடிக்க வேண்டும். அதற்கு வயர்கார்டு விபிஎன் டனல், கீப்அலைவ் 25 செகண்ட். வசதிக்காக லூசியை இன்டர்நெட் பக்கம் திறந்து வைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

இங்கே ஒரு வில்லங்கம். ரூட்டரில் பேட்டரி வைத்த கடிகாரம் இருக்காது. கரண்ட் போய் வந்தால் ஈடிசியில் கடைசியாக மாறிய ஃபைலின் தேதியைப் பார்த்து அதையே இன்றைய தேதி என்று வைத்துக்கொள்ளும். வயர்கார்டு ஒவ்வொரு முறை கை குலுக்கும்போதும் நேர முத்திரை அனுப்புகிறது. போன முறை வந்த முத்திரையைவிடப் பழசு வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி விடுகிறார்கள் என்று சர்வர் பேசாமல் தூக்கிப் போட்டுவிடும். பெட்டியில் எல்லா லைட்டும் எரியும், நெட் இருக்கும், டனல் மட்டும் எழாது. நேரத்தைச் சரிசெய்கிற என்டிபியையும் அந்த டனல் வழியாகவே அனுப்பியிருந்தால் முடிந்தது, டனலுக்கு நேரம் வேண்டும், நேரத்துக்கு டனல் வேண்டும். என்டிபி எப்போதும் டனலுக்கு வெளியே போகட்டும், அதற்கான டிஎன்எஸ்ஸும் கூட. ஐ2சி பின் கிடைக்கிற போர்டு என்றால் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று வைத்துவிடுங்கள். ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் செல்லாது என்று கர்ல் அழுவதும் பல நேரம் இதனால்தான்.

கடிகாரம் என்றதும் இன்னொன்று, டைம்ஸோனைக் கையால் எழுதும்போது இந்தியாவுக்கு மைனஸ் 5:30 என்று எழுத வேண்டும். பிளஸ் போட்டால் அலாரம் ஸ்கிரிப்ட் பதினொரு மணி நேரம் தள்ளிப் பேசும்.

ஹார்டுவேர் வாட்ச்டாக் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கெர்னல் தொங்கினால் அதுவே ரீபூட் செய்யும். ஆனால் அது உங்கள் சென்சார் புரோகிராம் செத்ததைக் கவனிக்காது, அதற்கு பிராக்டியில் ரெஸ்பான் (செத்தால் மறுபடி கிளப்பு) என்று சொல்லி வைக்க வேண்டும்.

பெட்டியை எங்கே மாட்டுவது

கம்ப்ரஸர் ரூமுக்குள் வைக்காதீர்கள். உப்பு ஒரு பக்கம், அம்மோனியா இன்னொரு பக்கம். அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும், அதனால்தான் அந்தப் பிளான்டுகளில் குழாயெல்லாம் இரும்பு. ஓர் ஊசியளவு கசிவு இருந்தாலும் நெட்வொர்க் கேபிளின் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். ஆபீஸ் சுவரில், மூடிய பிளாஸ்டிக் பெட்டியில், கேபிள்கள் அடியிலிருந்து கிளாண்ட் வழியாக ஏறுகிற மாதிரி மாட்டுங்கள். சென்சாருக்கு மட்டும் நீள ஒயர், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் நல்லது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் சேர்ந்து வரும், சும்மா கிடக்கிற யூஎஸ்பி ஓட்டைகளை டேப் போட்டு அடைத்துவிடுங்கள்.

அப்கிரேட்

நேரம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, ஐஸ் ஓட்டம் குறைவு, கம்ப்ரஸரையே கழற்றி சர்வீஸ் பார்ப்பார்கள். ஃபர்ம்வேரையும் அப்போது மாற்றுங்கள். படகுகள் டோக்கன் வாங்கிக் கிளம்புகிற நாளுக்கு முந்தின ராத்திரி எந்தப் பெட்டியையும் தொடாதீர்கள், அன்றைக்கு ஏதாவது நின்றால் ஆபரேட்டர் அண்ணன் உங்களைத்தான் தேடுவார்.

சிஸ்அப்கிரேட் கட்டளையால் ஃபர்ம்வேரை மாற்றினால் ஈடிசியில் உள்ள செட்டிங்குகள் தங்கும், நீங்கள் ஏற்றிய பேக்கேஜ்கள் போய்விடும். ஏற்றியதை மறுபடி ஒவ்வொன்றாக ஏற்றுவதற்குப் பதில் இமேஜ் பில்டரில் பேக்கேஜ் பட்டியலைக் கொடுத்து எல்லாம் உள்ளே சேர்ந்த ஒரே இமேஜாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்குள் அவை சுருங்கி உட்காருவதால் இடமும் மிச்சமாகும். நீங்கள் சொந்தமாக வைத்த பைனரியும் ஸ்கிரிப்டும் ஈடிசிக்குள் இருந்தாலும் தானாகத் தங்கும் என்று நம்பாமல் சிஸ்அப்கிரேடின் கான்ஃப் ஃபைலில் அவற்றின் பாதையைச் சேருங்கள், இல்லையென்றால் இமேஜ் பில்டரின் ஃபைல்ஸ் ஃபோல்டரில் வையுங்கள்.

அந்த இமேஜை முதலில் உங்கள் மேஜையில் இருக்கிற அதே மாடல் ரூட்டரில் ஏற்றி, கரண்டைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகி, சிம்மைக் கழற்றி மாட்டி, டனல் தானாக எழுகிறதா பாருங்கள். எழுந்தால் மட்டும் கம்பெனிப் பெட்டிக்கு அனுப்புங்கள். சோதித்த அந்த ரூட்டரையும், லூசியில் எடுத்த பேக்கப் ஃபைலை ஒரு பென்டிரைவில் போட்டு அதோடு கட்டி, முதலாளி மேஜை டிராயரில் கொடுத்து வையுங்கள். பெட்டி மேல் ஒரு ஸ்டிக்கர்: எந்த ஒயர் எந்த ஓட்டையில், பேக்கப் ஏற்றும் பக்கம் எங்கே, உங்கள் போன் நம்பர்.